ரோஸ் சீட்டு எங்கே?

"தலைவர் சீட்டு எங்க சார்?"

ஆலந்தாங்கல் நடுநிலைப் பள்ளி, எட்டாம் வகுப்பு பி பிரிவு அறை. வாக்குச்சாவடி அதிகாரியின் மேசைக்கு முன்னால் நின்றுகொண்டு செங்கமலம் இப்படித்தான் கேட்டாள். விரலில் மை வைத்தாகிவிட்டது. அட்டை மறைப்புக்குப் பின்னால் போய்ப் பொத்தானை அமுக்கியாகிவிட்டது. பீப் சத்தமும் வந்துவிட்டது. இனி வெளியே போக வேண்டியதுதான். ஆனால் அவள் போகவில்லை.

"எந்தச் சீட்டும்மா? அதான் மெஷின்ல போட்டுட்டீங்களே" என்றார் அதிகாரி.

"அது வார்டுக்கு சார். வசந்தகுமாருக்குப் போட்டேன். தலைவருக்கு ரோஸ் சீட்டு குடுப்பீங்களே, அத குடுங்க."

"இது பேரூராட்சித் தேர்தல்மா. தலைவருக்கு நீங்க போட முடியாது. நீங்க கவுன்சிலரைத் தேர்ந்தெடுக்கிறீங்க. கவுன்சிலருங்க உட்கார்ந்து தலைவரைத் தேர்ந்தெடுப்பாங்க."

"எங்க ஓட்ட அவுங்க போடுவாங்களா?"

அதிகாரி சிரித்தார். பக்கத்து மேசையில் மை வைக்கிற பெண்ணும் சிரித்தாள். வரிசையில் மூன்றாவது ஆளாக நின்றுகொண்டிருந்த எனக்கு அந்தச் சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. நினைத்தால் இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. என்ன தப்பாகக் கேட்டுவிட்டாள் என்று சிரித்தார்கள்? அந்த அறையில் அன்றைக்குக் கேட்க வேண்டிய ஒரே கேள்வியை ஐம்பத்து மூன்று வயதில் ஒரு கேன்டீன்காரி கேட்டாள். படித்த நாங்கள் எல்லாம் வாயை மூடிக்கொண்டு பொத்தானை அமுக்கிவிட்டு வந்தோம்.

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். என் பெயர் மெர்சி. பழைய ஊராட்சி ஆபீஸ், இப்போது பேரூராட்சி ஆபீஸ் ஆகிவிட்ட கட்டடம் இருக்கிறதே, அதற்கு நேர் எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பட்டா, சாதிச் சான்று, கம்பெனி வேலைக்குப் பயோடேட்டா, எல்லாம் இங்கேதான். மனுவும் அடித்துக் கொடுப்பேன். பதினான்கு வருடமாக இந்த ஊர் எதற்கெல்லாம் அழுதிருக்கிறது என்று என் கம்ப்யூட்டரைத் திறந்தால் தெரியும். அதில் பாதி செங்கமலத்தின் மனு.

செங்கமலம் பிறந்ததும் வாழ்க்கைப்பட்டதும் ஏரிக்கரைத் தெருவில்தான். புருஷன் எல்லப்பன் பக்கத்து வீட்டு அத்தை மகன். கல்யாணமான புதிதில் இருவரும் கழனி வேலைக்குப் போனார்கள். கழனியெல்லாம் குடோனாக மாறியதும் எல்லப்பன் மறைமலை நகர் பக்கம் ஒரு வார்ப்படப் பட்டறையில் சேர்ந்தார். இருபத்திரண்டு வருடம் கரியையும் மணலையும் மூச்சாக இழுத்தார். ஒருநாள் மூச்சே நின்றுவிடும் போலானதும் பட்டறைக்காரர்கள் கைகுலுக்கி அனுப்பிவிட்டார்கள். ஒரே மகளைப் படப்பையில் கட்டிக் கொடுத்தார்கள். ஒரகடத்தில் ஒரு கம்பெனி கேன்டீனில் செங்கமலத்துக்குக் கான்ட்ராக்ட் வேலை. காலை ஷிப்ட். நாலாயிரம் தட்டு. மிச்சத்தை வழித்து டிரம்மில் கொட்டிவிட்டுத் தட்டைக் கழுவும் இயந்திரத்தில் அடுக்க வேண்டும். இரண்டு மணிக்கு ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ் அவளை என் கடை வாசலில் இறக்கிவிடும்.

படிப்பு அஞ்சாவது. ஆனால் தேர்தல் என்று வந்துவிட்டால் அவளிடம் யாரும் காதில் பூ சுற்ற முடியாது. கிராம ஊராட்சியாக இருந்தபோது ஒரு ஆளுக்கு நாலு சீட்டு. வார்டு மெம்பருக்கு வெள்ளை, ஊராட்சித் தலைவருக்கு ரோஸ், ஒன்றியத்துக்குப் பச்சை, மாவட்டத்துக்கு மஞ்சள். மற்ற மூன்றையும் யார் சொல்கிறார்களோ அவர்களுக்குக் குத்திவிட்டு வந்துவிடுவாள். ரோஸ் சீட்டை மட்டும் யோசித்துத்தான் குத்துவாள். "அது மட்டும்தான் மெர்சி நம்ம கைல கீறது" என்பாள்.

கையில் இருந்ததை அவள் எப்படிப் பயன்படுத்தினாள் என்று சொல்கிறேன் கேளுங்கள். ஒன்பது வருடத்துக்கு முன்னால் ரத்தினம் அம்மா தலைவர் ஆனார். நாற்பத்து மூன்று ஓட்டு வித்தியாசம். வந்த மூன்றாம் மாதம் ஊர்க் குப்பையை ஏரிக்கரைத் தெருவுக்குப் பின்னால் இருக்கிற தாங்கலில் கொட்டலாம் என்று டிராக்டரை அனுப்பினார். தாங்கல் என்றால் சின்ன ஏரி. எல்லப்பன் வீட்டுப் பின்கதவைத் திறந்தால் அதன் கரை. செங்கமலம் ஷிப்ட் முடிந்து பஸ்ஸை விட்டு இறங்கி, கேன்டீன் சட்டையும் தலையில் வலைத் தொப்பியுமாக நேரே ரத்தினம் வீட்டு கேட்டுக்குப் போய் நின்றாள். கத்தவில்லை. உட்காரவும் இல்லை. சாயங்காலம் வரை நின்றாள். மறுநாளும் நின்றாள். மூன்றாம் நாள் ரத்தினமே வெளியே வந்தார்.

"இன்னா செங்கமலம், மானத்த வாங்குற?"

"நாப்பத்தி மூணு ஓட்டுல ஜெயிச்ச. எங்க தெருவுல நூத்திப் பன்னெண்டு ஓட்டு கீது. அடுத்த வாட்டி ரோஸ் சீட்டு குடுப்பாங்க இல்ல?"

அவ்வளவுதான் பேச்சு. நாலாம் நாள் டிராக்டர் வரவில்லை. குப்பை கல்குவாரிப் பள்ளத்துக்குப் போனது.

ரத்தினம் ஒன்றும் தங்கம் இல்லை. அதையும் நானே சொல்லிவிடுகிறேன். நாற்காலியில் இவர் இருந்தார், ஆபீஸை நடத்தியது இவர் வீட்டுக்காரர். தெருவிளக்கு போட்ட கதையை எழுதினால் தனிப் புத்தகம் ஆகும். இருந்தாலும் அந்த அம்மாவை நாங்கள் போட்டோம். அதனால் அவர் வீட்டு வாசலில் போய் நிற்க எங்களுக்கு ஒரு இடம் இருந்தது. அந்த இடத்தை நாங்களேதான் தொலைத்தோம்.

தொலைத்த கதை இன்னும் கேவலம். ஒரு ஆகஸ்ட் பதினைந்து. பள்ளிக்கூட மைதானத்தில் கிராம சபை. எங்கள் ஊரில் கிராம சபை எப்படி நடக்கும் தெரியுமா? போனவுடன் நோட்டை நீட்டுவார்கள். பெயர் போட்டு, கையெழுத்தோ கைநாட்டோ வைக்க வேண்டும். லட்டும் டீயும் கிடைக்கும். பக்கத்தின் மேல்பாதி வெள்ளையாகவே இருக்கும். தீர்மானம் என்ன என்பதை அப்புறம் நிதானமாக ஆபீஸில் உட்கார்ந்து எழுதிக்கொள்வார்கள். வருகைக் கையெழுத்துதானே என்று எல்லாரும் வைப்போம். கொடியேற்றம் முடிந்து வெயிலில் யார் நின்று படித்துக்கொண்டிருப்பது?

அந்த முறை மேல்பாதியில் எழுதினது இது: ஆலந்தாங்கலையும் பக்கத்து இரண்டு ஊராட்சிகளையும் சேர்த்துப் பேரூராட்சியாகத் தரம் உயர்த்த இக்கிராம சபை ஒருமனதாகச் சம்மதிக்கிறது. முந்நூற்றுப் பதினாறு கையெழுத்து. நாற்பத்தியோராவது கையெழுத்து செங்கமலத்துடையது. அதை நல்ல பிரதியாக டைப் அடித்துக் கொடுத்தது யார்? நான்தான். இந்தக் கையால்தான் அடித்தேன். 'ஒருமனதாக' என்று அடிக்கும்போது எனக்கு உறைக்கவில்லை. ஊர் பெரிதானால் என் கடையில் கூட்டம் வரும் என்றுதான் மனசு கணக்குப் போட்டது. த்தூ!

ரத்தினத்துக்கு அதில் ஒரு கனவு. ஊராட்சித் தலைவர் என்பதைவிட சேர்மன் என்பது பெரிசாம். போர்டு வைத்த கார் வருமாம். அரசாணை வந்த அன்றைக்கு என் கடை வாசலில்தான் ஆயிரம்வாலா வெடித்தார்கள். வீட்டு வரி ஏறியது. நூறு நாள் வேலை போயிற்று. கிராம சபையும் போயிற்று. ரோஸ் சீட்டு போனது மட்டும் யாருக்கும் தெரியவில்லை. வாக்குச்சாவடியில் நின்று செங்கமலம் கேட்கிற வரைக்கும் தெரியவில்லை.

பேரூராட்சி ஆனபிறகு தேர்தல் நடக்க இரண்டு வருடம் இழுத்தது. அதுவரை செயல் அலுவலர் ராஜ்யம். அவர் வந்த ஆறாம் மாதம், கல்குவாரியைக் கைவிட்டு மூன்று ஊர்க் குப்பையையும் தாங்கலில் கொட்ட ஆரம்பித்தார்கள். ஊர்க் குப்பை மட்டுமா? கம்பெனி கேன்டீன்களின் கழிவும் டிப்பர் லாரியில் வந்தது. ஒருநாள் செங்கமலம் கடைக்கு வந்து நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

"மெர்சி, நேத்து எங்க கேன்டீன்ல பீட்ரூட் பொரியல். எவனும் துன்னல. அவ்ளோத்தையும் நான்தான் டிரம்ல வழிச்சிப் போட்டேன். சாயங்காலம் பின்கதவ தொறந்தா, அந்த பீட்ரூட் எங்க வூட்டுக்குப் பின்னால கொட்டிக் கெடக்குது."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கொட்டினால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். தினமும் சாயங்காலம் நாலு மணிக்குக் கொளுத்தினார்கள். பிளாஸ்டிக்கும் எண்ணெய்த் துணியும் சேர்ந்து எரிகிற புகை தெருவுக்குள் படுத்துக்கொள்ளும். எல்லப்பனின் நுரையீரலில் ஏற்கெனவே இருபத்திரண்டு வருடத்துப் பட்டறை உட்கார்ந்திருக்கிறது. பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் எக்ஸ்ரே படத்தைப் பார்த்துவிட்டு, "மருந்து நான் தர்றேன். ஆனா புகையில இருந்தா மருந்து வேலை செய்யாது. இந்த மழைக்காலத்தைத் தாண்டுறது கஷ்டம்" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். நாலு மணி ஆனால் எல்லப்பன் ஈரத் துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு, கதவு ஜன்னலைச் சாத்திக்கொண்டு, ஆவி இழுக்கும் மிஷினை வாயில் வைத்துக்கொண்டு உட்காருவார். மின்சாரம் போனால் செங்கமலம் முறத்தால் விசிறுவாள்.

எத்தனை மனு அடித்தேன்! செயல் அலுவலர் ஒவ்வொன்றிலும் சீல் குத்தி வாங்கிக்கொண்டு ஒரே பதிலைச் சொன்னார். "குப்பைக் கிடங்கை மாத்தணும்னா மன்றத் தீர்மானம் வேணும். தேர்தல் வரட்டும், தலைவர் வரட்டும்." அதனால்தான் அந்தத் தேர்தலுக்கு செங்கமலம் அப்படிக் காத்திருந்தாள். ரத்தினமும் புத்தி தெளிந்தவராகத் தெரு முனையில் மைக் பிடித்து, "தலைவரா உக்காந்தா மொத கையெழுத்து தாங்கல் குப்பைக்குத்தான்" என்று சொல்லிவிட்டுப் போனார். ஏரிக்கரைத் தெருவுக்கு ஏழாவது வார்டு. ரத்தினம் அணியில் அங்கே நின்றவன் வசந்தகுமார். கம்பெனிகளுக்கு வேன் விடுகிறவன். "எனக்குப் போடற ஓட்டு ரத்தினம் அம்மாவுக்குப் போடற ஓட்டு" என்று வீடு வீடாகச் சொன்னான். அதை செங்கமலம், இவனுக்கு ஒரு ஓட்டு, ரத்தினத்துக்கு ஒரு ரோஸ் ஓட்டு என்றுதான் எடுத்துக்கொண்டாள். தெருவே அப்படித்தான் எடுத்துக்கொண்டது.

வாக்குச்சாவடியை விட்டு வெளியே வந்தவள் நேரே வசந்தகுமாரைத் தேடிப் போனாள். நானும் ஓட்டைப் போட்டுவிட்டுப் பின்னாலேயே ஓடினேன். நூறு மீட்டர் கோட்டுக்கு அப்பால் பந்தலில் உட்கார்ந்திருந்தான். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து தன் வீட்டு வாசலில் நிறுத்தினாள்.

"என் ஓட்ட நீதான் போடப் போறியாம்?"

"ஆமாக்கா. ரத்தினம் அம்மாவுக்குத்தான் போடுவேன். இதுல இன்னா சந்தேகம்?"

"சந்தேகம் இல்ல. சூடம் அடி."

எங்கள் பக்கம் பஞ்சாயத்தில் கடைசி பேச்சு அதுதான். சூடத்தை ஏற்றி, சொல்ல வேண்டியதைச் சொல்லி, உள்ளங்கையால் அடித்து அணைக்க வேண்டும். பொய் சொல்லி அடித்தால் குடும்பம் விளங்காது என்பார்கள். நான் சர்ச்சுக்குப் போகிறவள், எனக்கு அதில் நம்பிக்கை கிடையாது. ஆனால் பொய்க்குச் சூடம் அடித்தவனை அதுவரை நான் பார்த்ததும் கிடையாது. வாசற்படியில் சூடம் எரிந்தது. உள்ளே எல்லப்பன் இருமிக்கொண்டிருந்தார். "தலைவர் ஓட்டு ரத்தினம் அம்மாவுக்குத்தான்" என்று சொல்லி வசந்தகுமார் அடித்து அணைத்தான்.

முடிவு வந்தது. பதினைந்து வார்டில் ஒன்பது ரத்தினம் அணிக்கு, அவரையும் சேர்த்து. ஆறு புருஷோத்தமன் அணிக்கு. புருஷோத்தமன் யார் என்றால், மனை போட்டு விற்கிறவர். கேன்டீன் கழிவு ஏற்றி வருகிற டிப்பர்கள் அவருடையவைதான். தாங்கல் மேடானால் அதன் மேலேயும் மனை போடலாம் இல்லையா? ஒன்பதுக்கு ஆறு. இனி என்ன என்று ஏரிக்கரைத் தெருவில் கேசரி கிண்டினார்கள்.

ரத்தினத்துக்கு மட்டும் பயம். தலைவர் தேர்தலுக்கு இன்னும் எட்டு நாள் இருந்தது. செங்கமலம் சூடம் அடிக்க வைத்த கதை காதுக்குப் போனதும், தன் அணியில் மிச்சம் எட்டுப் பேரையும் வேனில் ஏற்றி வல்லக்கோட்டை முருகன் கோயிலுக்குக் கூட்டிப் போனார். கோயில் வாசலில் எட்டுப் பேரும் சூடம் அடித்தார்கள். அங்கிருந்து அப்படியே கடற்கரைப் பக்கம் ஒரு ரிசார்ட். போனையெல்லாம் வாங்கி வைத்துக்கொண்டார். நீச்சல் குளத்தில் எங்கள் கவுன்சிலர்கள் அரை டிராயரோடு நிற்கிற போட்டோ எப்படியோ வெளியே வந்து ஊரெல்லாம் சுற்றியது. இவர்களுக்கு ஓட்டுப் போட்டவர்கள் தெருக்குழாயில் சண்டை போட்டுக்கொண்டிருந்தோம்.

தலைவர் தேர்தல் அன்றைக்கு என் கடை வாசலில் கால் வைக்க இடம் இல்லை. செங்கமலம் லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். வேன் வந்தது. கவுன்சிலர்கள் இறங்கி உள்ளே போனார்கள். கதவைச் சாத்தினார்கள். உள்ளே இருப்பது ரகசிய வாக்கெடுப்பு. சீட்டை மடித்துப் பெட்டியில் போடுவார்கள், எவன் யாருக்குப் போட்டான் என்று யாருக்கும் தெரியாது. கவனித்தீர்களா? பன்னிரண்டாயிரம் பேரிடம் பிடுங்கின சீட்டு பதினைந்து பேருக்குக் கிடைத்தது. அதுவும் திரை போட்டு.

அரை மணி நேரத்தில் கதவு திறந்தது. புருஷோத்தமன் பதினொன்று. ரத்தினம் நாலு.

வெளியே வந்த ரத்தினத்தின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. வந்த வேனில் ஏறாமல் ஆட்டோ பிடித்துப் போய்விட்டார். தன் நாற்காலியைப் பெரிசாக்கப் போய் ஊரின் நாற்காலியையே கொடுத்துவிட்ட மகராசி! எனக்குப் பாவமாகவும் இருந்தது, நன்றாக வேண்டும் என்றும் இருந்தது.

செங்கமலம் என் கடைக்குப் பக்கத்துப் பூஜை சாமான் கடையில் ஒரு டப்பா சூடம் வாங்கினாள். தட்டு ஒன்றை என்னிடம் கேட்டு வாங்கிக்கொண்டாள். நானும் கடையைச் சாத்திவிட்டு அவளோடு போனேன். இரண்டு நாள் ஆயிற்று, எட்டு வீட்டுக்கும் போய்வர. ஒவ்வொரு வாசலிலும் சூடத்தை ஏற்றி, "யாருக்குப் போட்ட, அடிச்சி சொல்லு" என்றாள். எட்டுப் பேரும் அடித்தார்கள்! ஒருவன் கையும் நடுங்கவில்லை. ஒருவன், "நான் ரத்தினம் அம்மாவுக்குத்தான் போட்டேன், துரோகம் பண்ணவன் நாசமாப் போவட்டும்" என்று சாபமும் விட்டான். எட்டுப் பேர் சத்தியமும் ரத்தினத்தின் சொந்த ஓட்டும் சேர்ந்தால் ஒன்பது. பெட்டியில் இருந்தது நாலு. எந்த ஐந்து பேர்? தெரியாது. தெரியவே கூடாது என்றுதானே சட்டமே அப்படி வைத்திருக்கிறார்கள்.

வசந்தகுமார் வீட்டில் மட்டும் பேச்சு நீண்டது. சூடம் அடித்து முடித்ததும் அவனுக்கு வாய் வந்துவிட்டது.

"அக்கா, சும்மா ஊரக் கூட்டாத. தலைவர நேரா நீங்களே எடுத்தா இன்னா ஆவும் தெரியுமா? அவரு ஒரு பக்கம், கவுன்சிலருங்க ஒரு பக்கம். ஒரு தீர்மானம் பாஸ் ஆவாது. தினம் அடிதடி. ஊரே நாறிப்பூடும்."

"இப்ப நாறாம கீதா?" என்றாள் செங்கமலம்.

அவன் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

அவன் சொன்னதில் நியாயமே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. நேரே தேர்ந்தெடுத்த தலைவரும் எதிர் அணி மன்றமும் முட்டிக்கொண்டு வேலை நின்றுபோன ஊர்கள் உண்டு. மேயரிலிருந்து சேர்மன் வரை, மக்களே போடுவது என்று ஒருதரம், கவுன்சிலர் போடுவது என்று ஒருதரம், சட்டத்தை மாற்றி மாற்றித் திருப்பியும் பார்த்துவிட்டார்கள். எது யாருக்கு வசதியோ அது சட்டம். நேரே போட்டால் நல்லவர் வந்துவிடுவார் என்று நம்ப நான் ஒன்றும் பச்சைப் பிள்ளை இல்லை. ரத்தினத்தைப் பார்த்தவள் நான். என் ஆத்திரம் வேறு. தப்பு செய்தவர் நாங்கள் போட்டவர் என்றால், அவரைப் பார்த்துக் கேட்க எங்களுக்கு வாய் இருக்கும். அவருக்கும் கொஞ்சம் பயம் இருக்கும். இந்த ஏற்பாட்டில் பயப்பட வேண்டியவருக்குப் பயமே இல்லை. அவர் பதினைந்து பேரில் எட்டுப் பேரைப் பார்த்துக்கொண்டால் போதும். மற்ற ஊர் எக்கேடு கெட்டால் என்ன?

நான் சொல்வதை நம்ப வேண்டாம். புருஷோத்தமன் வாயாலேயே கேளுங்கள்.

அடுத்த வாரம் ஷிப்ட் முடிந்து, தொப்பியைக்கூடக் கழற்றாமல், செங்கமலம் சேர்மன் அறைக்குப் போனாள். மனுவோடு நானும் போனேன். புருஷோத்தமன் எழுந்து நின்று நாற்காலி காட்டினார். டீ சொல்லட்டுமா என்று கேட்டார். மனுவை முழுக்கப் படித்தார். மரியாதையில் ஒரு குறை சொல்ல முடியாது.

"தாங்கலை மாத்த முடியாதும்மா. வேற எடம் இல்ல."

"கல்குவாரிப் பள்ளம் கீதே சார். முன்ன அங்கதான கொட்டினாங்க?"

"லாரிக்குத் தூரம். கட்டுப்படி ஆவாது."

"என் வூட்டுக்காருக்கு மூச்சு நிக்குது சார். டாக்டரு எழுதினது இதோ கீது. நாலு மணிக்குக் கொளுத்துறதையாவது நிறுத்துங்க."

"பாக்கலாம்."

பாக்கலாம் என்றால் எங்கள் ஊரில் முடியாது என்று அர்த்தம். செங்கமலம் எழுந்து நின்றாள். தன்னிடம் இருந்த ஒரே அஸ்திரத்தை எடுத்தாள். பழக்கதோஷம்.

"எங்க தெருவுல நூத்திப் பன்னெண்டு ஓட்டு கீது சார். அடுத்த எலெக்‌ஷன்ல ஒண்ணுகூட உனக்கு வுழாது."

புருஷோத்தமன் கோபப்படவில்லை. கேலியும் செய்யவில்லை. ஒரு குழந்தைக்குக் கணக்குச் சொல்லிக் கொடுப்பது மாதிரி பொறுமையாகச் சொன்னார்.

"இந்த வாட்டி மட்டும் விழுந்துதாம்மா? நான் நின்னது மூணாவது வார்டு. உங்க தெரு ஓட்டு எனக்குத் தேவையே படலியே."

நாங்கள் படி இறங்கி வந்தோம். ரோட்டைத் தாண்டி என் கடைக்கு வர இருபது அடி. அதைத் தாண்டுவதற்குள் அவள் தலைத் தொப்பியைக் கழற்றி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

ஐப்பசி மழை பிடித்தது. நனைந்த குப்பை இன்னும் மோசமாகப் புகைந்தது. ஒருநாள் எல்லப்பனின் உதடு நீலமாகிவிட்டது. ஆஸ்பத்திரியில் ஆறு நாள் வைத்திருந்து அனுப்பும்போது டாக்டர் சொன்னார்: "அந்த வீட்டுக்கு இவரைக் கூட்டிப் போனா, திருப்பி என்கிட்ட கூட்டி வராதீங்க." எல்லப்பனின் தங்கை வல்லக்கோட்டையில் இருக்கிறாள். ஒரே அறை வீடு. அங்கே கொண்டுபோய் விட்டாள் செங்கமலம். அவளும் போகலாம் என்றால் கம்பெனி பஸ் அந்தப் பக்கம் வராது. வேலையை விட்டால் மருந்துக்கு வழி இல்லை. முப்பத்து மூன்று வருடம் ஒன்றாக இருந்தவர்கள் இப்போது வாரத்துக்கு ஒருநாள் பார்த்துக்கொள்கிறார்கள். அவர் கட்டின வீடு அது. செங்கல் ஒவ்வொன்றையும் அவர் தூக்கினார். இன்றைக்கு அந்த வீட்டில் அவர் ஒரு ராத்திரி தூங்க முடியாது. யார் செய்தார்கள் என்று கேட்டால் எல்லாருமே சூடம் அடிப்பார்கள்.

தை பிறந்ததும் செங்கமலம் கடைக்கு வந்தாள்.

"மெர்சி, மனு அடி."

"தாங்கலுக்கா அக்கா?"

"அது ரெண்டாவது. மொதல்ல, எங்க ஊருத் தலைவர நாங்களே எடுக்கணும், அந்த ஓட்ட திருப்பிக் குடுங்கன்னு அடி. தலைவரு நம்ம ஆளுன்னா தாங்கல நான் பாத்துக்கறேன்."

"யாருக்கு அனுப்புறது?"

"எல்லாருக்கும். கலெக்டருக்கு, மந்திரிக்கு, எவன் சட்டம் போடறானோ அவனுக்கு. ரோஸ் பேப்பர் வெச்சிருக்கியா?"

வைத்திருந்தேன். கல்யாணப் பத்திரிகை அடிக்க வாங்கி மிஞ்சினது. ஒரு பக்கத்தில் பத்தே வரி. கடைசி வரிக்குக் கீழே நான் வழக்கம்போல நாலு விரல் இடம் விட்டு, 'இப்படிக்கு' என்று அடித்தேன். செங்கமலம் திரையை எட்டிப் பார்த்தாள்.

"கீழ எடம் வுடாத."

ஒரு நிமிடம் எனக்குப் புரியவில்லை. கிராம சபை நோட்டில் வெள்ளையாக விட்ட மேல்பாதி அப்புறம்தான் ஞாபகம் வந்தது. இடத்தை எடுத்துவிட்டேன். பிரிண்ட் எடுத்ததும் அவளே ஸ்கேல் வைத்து, கடைசி வரியை ஒட்டி ஒரு கோடு இழுத்தாள். அந்தக் கோட்டுக்குக் கீழேதான் கையெழுத்து. முதல் கையெழுத்தை என்னைப் போடச் சொன்னாள். அந்தத் தீர்மானத்தை டைப் அடித்தவள் நான் என்று அவளுக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது. ஒரு நாளும் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை. போட்டேன்.

ஒரு மாதம் தெருத் தெருவாகப் போனாள். படிக்காமல் யாரையும் கையெழுத்துப் போட விடவில்லை. எழுத்து தெரியாதவர்களுக்கு அவளே படித்துக் காட்டினாள். அவசரப்பட்டவர்களிடமிருந்து பேனாவைப் பிடுங்கினாள். "இன்னா எழுதிக்கீதுன்னு சொல்லு, அப்பறம் போடு." ஆயிரத்து முந்நூற்று எண்பத்தாறு பேர் அப்படிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். ரத்தினம் அம்மாவும் போட்டார். அவரையும் படிக்க வைத்துத்தான் போட விட்டாள்.

போன ஞாயிற்றுக்கிழமை எல்லப்பன் வந்தார். ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கி, மூன்று இடத்தில் நின்று மூச்சு வாங்கி, வீடு வந்து சேர்ந்தார். செங்கமலம் கோழிக் குழம்பு வைத்திருந்தாள். என்னையும் கூப்பிட்டிருந்தாள். சாப்பிட்டு முடித்து அவர் மனுவைக் கையில் எடுத்து மெதுவாக, ஒவ்வொரு வரியாகப் படித்தார். கோட்டைத் தடவிப் பார்த்தார். ஆயிரத்து முந்நூற்று எண்பத்தேழாவதாகத் தன் பெயரை எழுதினார். அப்புறம் சுவரில் முதுகைச் சாய்த்து, காலை நீட்டி உட்கார்ந்தார். தன் வீடு, தன் சுவர்.

மணி மூன்றரை ஆயிற்று. செங்கமலம் அவருடைய பையில் மிஷினையும் மாத்திரையையும் எடுத்து வைத்தாள்.

"இன்னும் கொஞ்ச நேரம் குந்திக்கினு இருக்கறேன்மே" என்றார் எல்லப்பன்.

"நாலு மணிக்குக் கொளுத்துவானுங்க. எழுந்திரு."

அவர் எழுந்தார். தெருமுனையில் ஆட்டோ நின்றது. ஏற்றி உட்கார வைத்து, துண்டை மூக்கில் கட்டிவிட்டு, ஆட்டோக்காரனிடம் மெதுவாகப் போகச் சொன்னாள். ஆட்டோ வெளியே போகிற அதே நேரத்தில் டிப்பர் உள்ளே வந்தது. இரண்டும் ஒன்றுக்கொன்று வழிவிட்டு நகர்ந்தன. செங்கமலம் திரும்பி வந்து ஜன்னல்களைச் சாத்தினாள். நான் ரோஸ் மனுக் கட்டை மார்போடு அணைத்துக்கொண்டு கடைக்கு வந்தேன். சரியாக நாலு மணிக்குப் புகை கிளம்பியது.